முதல் வாக்கியம்

எனக்கு முன்னால் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள். அழைப்பிதழில் அப்படித்தான் போட்டிருக்கிறது, சிறப்பு விருந்தினர் உரை, அப்புறம் இரண்டு குழந்தைகள், அப்புறம் 'ஒரு தாயின் அனுபவம், திருமதி சித்ரகலா சபாபதி'. என் பெயரை அச்சில் பார்த்தால் வேறு யாரோ மாதிரி இருக்கிறது, நான் வயலூர் ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள், அடுத்தவர் ஆதாரையும் பத்திரத்தையும் நாள் முழுக்க எடுத்துக் கொடுப்பவள், எனக்கென்று ஒரு தாளில் பெயர் வந்தது கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு இதுதான். இல்லை, நடுவில் இன்னொன்றிலும் வந்தது, அவருடைய கருமாதிப் பத்திரிகையில், 'மனைவி' என்று போட்டுப் பக்கத்தில். மேடை நாற்காலிக்கு வெள்ளை உறை போட்டிருக்கிறார்கள், வியர்வையில் முதுகோடு ஒட்டுகிறது. கையில் இரண்டு பக்கத் தாள், நான் எழுதி ரெஜினா மிஸ் திருத்தியது, அதையே நாற்பது பிரதி எடுத்து வரச் சொன்னார்கள், புதிதாகச் சேர்ந்த அம்மாக்களுக்குக் கொடுப்பதற்காக, நேற்று மத்தியானம் என் கடையில் நானே எடுத்தேன், 'என் மகள் இன்று உங்களைப் போலவே பேசுகிறாள், இந்தப் பள்ளியின் எந்த விதியையும் நான் ஒருநாளும் மீறாததே காரணம்' என்ற வரி நாற்பது தடவை சூடாக வெளியே வந்து விழுந்தது. அந்த நாற்பதும் இப்போது முன்வரிசை மடிகளில் கிடக்கின்றன, சிலர் விசிறிக்கொள்கிறார்கள். கடைசி வரிசையில், வாசலை ஒட்டி, வினோதினி உட்கார்ந்திருக்கிறாள். என் மகள், இருபத்துநான்கு வயது. அவள் வருவாள் என்று நான் நினைக்கவேயில்லை, பல் செட் செய்கிற லேபில் வேலை பார்க்கிறாள், காலையில் லீவு சொல்லிவிட்டு வந்து நின்றாள், "நானும் வர்றேம்மா" என்றாள் வாயால், பஸ்ஸில் ஏறியதும் கையால் என்னவோ சொன்னாள், பாதிதான் புரிந்தது, நான் தலையாட்டினேன். புரியாததற்கும் தலையாட்டுகிற பழக்கம் எனக்கு இப்போதுதான் வந்திருக்கிறது. அவள் இருபது வருஷம் எனக்கு அப்படித் தலையாட்டியிருக்கிறாள்.

இந்தக் கூடத்துச் சுவரில் அந்தப் போர்டு இன்னும் இருக்கிறது, பெயின்ட் மட்டும் புதுசு, 'கை வேண்டாம், வாய் போதும்'. காது கேளாத பிள்ளைகளுக்குப் பேச்சு சொல்லிக்கொடுக்கிற பள்ளி. பிள்ளையோடு அம்மாவும் தினம் வரவேண்டும், பிள்ளை கையை ஆட்டிக் கேட்டால் எதுவும் கொடுக்கக் கூடாது, தண்ணி என்று உதடு அசைந்தால்தான் தண்ணீர். வீட்டிலும் அதே சட்டம். மூன்று வயதில் வினுவை இடுப்பில் தூக்கிக்கொண்டு இங்கே நான் வந்தபோது நான்கு டாக்டர், இரண்டு கோயில், ஒரு தர்கா எல்லாம் முடிந்திருந்தது, ஊமையைப் பெத்துப் போட்டிருக்கா என்று மாமியார் வீட்டில் சொல்லியாகிவிட்டது, அன்றைக்கு ரெஜினா மிஸ்தான் பிள்ளையை வாங்கி, காது மெஷின் பெட்டியை மார்பில் மாட்டி, அவள் கையை எடுத்துத் தன் தொண்டைமேல் வைத்துக்கொண்டு, "இவ உன்னை அம்மான்னு கூப்பிடுவா, தேதி போட்டு எழுதி வச்சுக்க கலா" என்றார்கள். பதினோரு மாதம் கழித்துக் கூப்பிட்டாள். அடுப்படியில் இருந்தேன், பின்னாலிருந்து ஒரு சத்தம், கதவு கிறீச்சிட்டது என்று நினைத்தேன், திரும்பினால் இவள். அதை நான் மறந்தால் எனக்குச் சோறு கிடைக்குமா? அதனால்தான் கஷ்டம். கெட்டவர்கள் என்றால் எழுந்து போய்விடலாம். மெஷினுக்கு பேட்டரி வாங்கக் கையில் இல்லாத மாசங்களில் மிஸ் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தவர்கள், கல்யாணமே செய்துகொள்ளாமல் இந்தக் கட்டிடத்தைக் கட்டியவர்கள், அதோ மேடை ஓரத்தில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், அறுபத்தெட்டு வயது, முட்டி தேய்ந்துவிட்டது, உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டார்கள், என்னைப் பார்த்து, தைரியமா பேசு என்பது போலத் தலையசைக்கிறார்கள்.

சிறப்பு விருந்தினர் மைக்கைத் தட்டிப் பார்க்கிறார். தன்னம்பிக்கை என்கிறார், தடைக்கற்கள் என்கிறார், பிள்ளைகள் யாரும் அவரைப் பார்க்கவில்லை, மின்விசிறியைப் பார்க்கிறார்கள், ஜன்னலில் உட்கார்ந்த காகத்தைப் பார்க்கிறார்கள். முன்வரிசையில் பச்சைச் சேலையில் ஒரு சின்ன வயது அம்மா, மடியில் இரண்டரை வயதுப் பெண் குழந்தை, குழந்தையின் இரண்டு மணிக்கட்டையும் ஒரே கையில் சேர்த்துப் பிடித்திருக்கிறாள். குழந்தை காகத்தைக் காட்ட வேண்டும் என்று இழுக்கிறது, அவள் குனிந்து வாயை அகலமாகத் திறந்து கா-கா என்கிறாள். அந்தப் பிடி எனக்குத் தெரியும். வலிக்காத பிடிதான், ஆனால் விடாத பிடி. என் உள்ளங்கைக்கு அந்த எலும்பின் அளவு இன்னும் ஞாபகம் இருக்கிறது. பீரோ கண்ணாடி முன்னால் வினுவை உட்காரவைத்து உதட்டுக்கு நேரே தாள் கீற்றைப் பிடிப்பேன், அப்பா என்றால் தாள் பறக்கும், அம்மா என்றால் பறக்காது, மூக்கு அதிரும், உதட்டை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், வேண்டுமென்றால் கண்ணாடியில் சொல்லிப் பாருங்கள். தினம் இருநூறு தடவை. ஒருநாள் தோசைக்குக் கை நீட்டினாள், விரலை வட்டமாகச் சுற்றிக் காட்டினாள், கையில் இருந்த கரண்டியால் அந்த விரல்மேல் ஒன்று வைத்தேன். சுடாத கரண்டிதான். இத்தனை வருஷமாக அதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், சுடாத கரண்டிதான், மாவு கலக்குகிற கரண்டி, அடுப்புப் பக்கமே போகாத கரண்டி. அவள் அழவில்லை. தோஷை என்றாள். நான் அவளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தேன், இரண்டு தோசை போட்டேன், நெய் விட்டு.

கைதட்டுகிறார்கள், விருந்தினர் முடித்துவிட்டார் போல, இல்லை, ஒரு குட்டிக் கதை சொல்லி முடிக்கிறேன் என்கிறார், சொல்லட்டும், எவ்வளவு நீளமாக வேண்டுமானாலும் சொல்லட்டும். என் வீட்டுக்காரர் சபாபதி துவாக்குடியில் லேத் பட்டறையில் வேலை பார்த்தார். ஐந்தரைக்கு விடும், ஆறு மணிக்கு வண்டி கேட்டுக்குள் வரும். வினுவுக்கு ஐந்து வயது, ஒரு வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு வண்டி வரவில்லை, பால்பண்ணை பக்கம் லாரி. சேதி கேட்டு ரெஜினா மிஸ் உடனே ஆட்டோவில் வந்து, சின்னப் பிள்ளை, இதையெல்லாம் பார்க்க வேண்டாம் என்று வினுவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் மூன்று நாள் வைத்துக்கொண்டார்கள், எல்லோரும் நல்லது என்றார்கள், நானும் நல்லது என்றுதான் நினைத்தேன். அவள் திரும்பி வரும்போது வீடு கழுவியாகிவிட்டது, கூடத்தில் போட்டோ, போட்டோவுக்கு மாலை. வினு வீடு முழுக்கச் சுற்றிவிட்டு வந்து என் முகத்தைப் பிடித்துத் திருப்பி, அப்பா? என்றாள். இறந்துட்டார் என்கிற வார்த்தை அவளிடம் இல்லை. சாவு இல்லை, சாமி இல்லை. அன்றைக்கு அவளிடம் இருந்தது நூற்றுச் சொச்சம் வார்த்தைகள், பந்து, குடை, வாழைப்பழம், பஸ். கையால் காட்டியிருக்கலாம். கண்ணை மூடி, படுத்து, நெருப்பைக் காட்டி, ஏதாவது செய்து காட்டியிருக்கலாம், எந்தக் காட்டுவாசிக்கும் அது தோன்றியிருக்கும், எனக்குத் தோன்றவில்லை, தோன்றியது, தோன்றியது, கை பாதி எழுந்து நான் மடக்கிக்கொண்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்பா இல்லை என்றேன். 'இல்லை' அவளுக்குத் தெரிந்த வார்த்தை. பிஸ்கட் இல்லை. குழாயில் தண்ணி இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஸ்கூல் இல்லை. இல்லாத பிஸ்கட் நாளைக்கு வரும், இல்லாத தண்ணீர் சாயங்காலம் வரும், இல்லாத ஸ்கூல் திங்கட்கிழமை இருக்கும். அப்பா இல்லை. சொல்லு. கண்ணாடியைப் பார், அப்பா, தாள் பறக்கணும், இல்லை. கருமாதி முடிந்து ஒரு வாரத்தில் அவளே சொன்னாள், அட்சர சுத்தமாக. இரண்டு வார்த்தை சேர்த்து அவள் சொன்ன முதல் வாக்கியம். ரெஜினா மிஸ்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது, நோட்டில் தேதி போட்டுத் தங்க நட்சத்திரம் ஒட்டினார்கள், மற்ற அம்மாக்கள் கைதட்டினார்கள், நான் சிரித்தேன். புருஷன் செத்து இருபத்திரண்டாம் நாள், இதே கூடத்தில், பல் தெரியச் சிரித்தேன்.

அதற்கப்புறம் தினம் ஆறு மணிக்கு வினு கேட்டில் போய் நிற்பாள். கம்பியில் கன்னத்தை வைத்துக்கொண்டு, அரை மணி, முக்கால் மணி. பிள்ளைக்குத் தெருவை வேடிக்கை பார்க்கப் பிடிக்கிறது என்று பக்கத்து வீட்டில் சொல்வேன். நான்கு வருஷம் நின்றாள். மழையில் குடை பிடித்துக்கொண்டுகூட நின்றாள். ஒன்பது வயதில் திடீரென்று நிறுத்திவிட்டாள், சரி, வளர்ந்துவிட்டாள் என்று நினைத்தேன். ஏன் நிறுத்தினாள் என்று எனக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம், அவள் வாயில் கொஞ்சம், கையில் கொஞ்சம், வராததை மொபைலில் தட்டிக் காட்டி, சொன்னாள். பஸ் ஸ்டாப்பில் அப்போது அரசாங்கக் காது கேளாதோர் பள்ளிப் பிள்ளைகள் நிற்பார்களாம், எல்லாம் கையாலேயே பேசுமாம், எனக்குத் தெரியாமல் இவளும் போய் நிற்பாளாம். அதில் ஒரு பெண் உங்கப்பா என்ன பண்றார் என்று கேட்டிருக்கிறாள். இவள் 'இல்லை' என்று கையை விரித்து, வரவில்லை, கேட்டில் நிற்பேன் என்று நடித்துக் காட்டி, வீட்டில் போட்டோ இருக்கிறது, மாலை இருக்கிறது என்றும் காட்டியிருக்கிறாள். அந்தப் பெண் கொஞ்ச நேரம் இவளையே பார்த்துவிட்டு, கையைச் சாய்த்து, கண்ணை மூடி, நான்கு பேர் தூக்கிப்போகிற மாதிரி நடந்து, விரல்களைத் தீ மாதிரி அசைத்துக் காட்டியிருக்கிறாள். ஐந்து நிமிஷம். பஸ் வருவதற்குள். "மாலை போட்டிருந்துச்சேடி, உனக்குத் தெரியலையா?" என்று கேட்டேன், என்ன கேள்வி அது, எந்தத் தாய் கேட்பாள் அந்தக் கேள்வியை, அவள் கோபப்படவில்லை. "கல்யாணப் போட்டோலயும் மாலை இருக்கும்மா" என்றாள். வெங்காயத்தைத் தொடர்ந்து உரித்தாள்.

ஒரு பையன் மேடைக்கு வந்துவிட்டான், என் பெயர் இன்னது, என் அப்பா பெயர் இன்னது என்கிறான், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வியர்த்துக்கொண்டு, நன்றாகத்தான் சொல்கிறான், இன்னும் ஒரே ஒரு குழந்தை, அப்புறம் நான். பாக்கியலட்சுமி ஞாபகம் ஏன் இப்போது வரவேண்டும். அம்மாக்கள் குழுவுக்கு நான்தான் அப்போது லீடர், யாராவது வீட்டில் கையால் பேசினால் மிஸ்ஸிடம் சொல்ல வேண்டும் என்பது எங்களுக்குள் நாங்களே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு, பள்ளிக்கூடம்கூடப் போடவில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பாக்கியம் தன் பிள்ளையோடு கையால் பேசிச் சிரித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். இரண்டு பேரும் எதற்கோ அப்படிச் சிரித்தார்கள். எனக்கு வந்தது கோபமா பொறாமையா என்று இன்றுவரை தெரியவில்லை, மறுநாள் காலையில் முதல் வேலையாகச் சொன்னேன், பாக்கியத்தைக் கூப்பிட்டு எச்சரித்தார்கள், நாங்கள் யாரும் அவளோடு சேர்ந்து சாப்பிடவில்லை, ஒரு மாசத்தில் நின்றுவிட்டாள். எந்த ஊரில் இருக்கிறாளோ. அவள் பிள்ளையோடு அவள் இப்போதும் சிரித்துக்கொண்டிருப்பாள், அது போதும் என்று சில நாள் நினைத்துக்கொள்வேன், அப்படி நினைத்தால் எனக்குத் தூக்கம் வரும், எனக்குத் தூக்கம் வருவதற்காகத்தானே நினைக்கிறேன் என்று உடனே தூக்கம் போய்விடும்.

இதையெல்லாம் அருளிடம் சொல்லியிருந்தால் சந்தோஷப்படுவான். வினுவுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருக்கிறானே, அவன்தான், காது கேளாதோர் சங்கத்தின் செயலாளர், பிறவியிலிருந்தே கேட்காது, பேச மாட்டான், பேசவும் விரும்ப மாட்டான். ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் சைகை மொழி வகுப்பு எடுக்கிறான், இரண்டு வருஷமாக நான் போகிறேன், முதல் நாள் என்னைப் பார்த்து அவன் கையால் சொன்னதை வினு தயங்கித் தயங்கிச் சொன்னாள், "இருபது வருஷம் லேட்டுங்கறான்." அவன் சொல்வதும் பொய் இல்லை. ஆனால் அங்கேயும் ஒரு போர்டு இருக்கிறது, சுவரில் இல்லை, அவ்வளவுதான். சங்கத்துக்குள் யாரும் வாய்ச்சத்தம் போடக் கூடாது, மெஷினைக் கழற்றிவிட்டு வரவேண்டும். போன வருஷம் டீக்காரரிடம் வினு வாயால், "அண்ணே, சர்க்கரை கம்மியா" என்று சொல்லிவிட்டாள், கூட்டத்தில் அதை எடுத்துப் பேசி, நீ எங்க ஆளா அவங்க ஆளா என்று கேட்டார்களாம். வீட்டுக்கு வந்து அழுதாள். சின்ன வயதில் கரண்டியால் அடித்தபோது அழாதவள். லேபில் எல்லோரும் வாயால் பேசுகிறார்கள், வேகமாக, திரும்பி நின்றுகொண்டு, அங்கே இவள் அரைச் செவிடு. சங்கத்தில் அரைக் கேட்பவள். "எனக்கு ரெண்டும் வேணும்மா. ரெண்டுமே என்னோடதுதானே?" என்றாள் அன்றைக்கு. போன வாரம் இந்தப் பேச்சை அவளிடம் படிக்கக் கொடுத்தேன். இரண்டு பக்கத்தையும் படித்தாள். "நான் ஜெயிச்சுட்டேன்னு சொல்லாதே. என்னைக் கெடுத்துட்டாங்கன்னும் சொல்லாதே. நடந்ததைச் சொல்லு" என்றாள். நானும் அப்படி ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன், ரெஜினா மிஸ் சிவப்பு மையில் சுழித்துவிட்டார்கள், "இது இன்னிக்கு வேண்டாம் கலா, புதுசா வந்த பொண்ணுங்க பயந்துடும்" என்று. சரி மிஸ் என்றேன். வீட்டில் வினுவிடமும் சரி என்றேன்.

கூப்பிடுகிறார்கள். இரண்டாவது குழந்தை எப்போது வந்தது, எப்போது முடித்தது. எழுந்திருக்கும்போது நாற்காலி உறையும் சேர்ந்து வருகிறது, யாரோ எடுத்துவிடுகிறார்கள். மைக் உயரம் எனக்கு அதிகம், சரியாக வாயை மறைக்கிறது, கீழே இறக்கத் தெரியவில்லை. தாளைப் பிரிக்கிறேன். அனைவருக்கும் வணக்கம் என்று படிக்கிறேன், நிமிர்கிறேன். கடைசி வரிசையில் வினு கழுத்தை நீட்டி, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்க்கிறாள், அவளுக்கு என் உதடு தெரியவில்லை. அத்தனை தூரத்திலிருந்து தெரியாது. முந்நூறு பேருக்கு அவளைப் பற்றிச் சொல்லப்போகிறேன், அவளுக்கு மட்டும் கேட்காது. எனக்கு வேறு எந்த வீரமும் வந்துவிடவில்லை, அவள் அப்படிக் கழுத்தை நீட்டுவதைப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். தாளை மேசைமேல் வைக்கிறேன். கையை உயர்த்தி, வணக்கம் என்று மறுபடி வாயால் சொல்லிக்கொண்டே, கையாலும் சொல்கிறேன். முதலில் பிள்ளைகள்தான் திரும்பினார்கள். காகத்தைப் பார்த்தது, விசிறியைப் பார்த்தது, தூங்கியது எல்லாம் ஒரே நேரத்தில் என்னைப் பார்க்கின்றன. ஒரு டீச்சர் பாதி எழுந்து ரெஜினா மிஸ்ஸைப் பார்க்கிறார். நான் மிஸ் பக்கம் திரும்பவில்லை, திரும்பினால் முடியாது. என் மக பேசுவா, அதுக்குக் காரணம் ரெஜினா மிஸ், அது நிஜம் என்கிறேன். அவ சொன்ன முதல் வாக்கியம் அப்பா இல்லை, அதுவும் நிஜம் என்கிறேன். பிஸ்கட் சொல்கிறேன், கேட்டைச் சொல்கிறேன், நான்கு வருஷம் சொல்கிறேன், கேட் என்ற வார்த்தைக்குக் கை தெரியவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி நின்று காட்டுகிறேன், வருஷத்துக்கு மாசத்தைப் போட்டுவிட்டேன் போல, கடைசி வரிசையிலிருந்து வினு திருத்துகிறாள், நான் அதைப் பார்த்து மறுபடி செய்கிறேன், கூட்டம் மொத்தமும் திரும்பி அவளைப் பார்க்கிறது. உங்க பிள்ளைக்கு வாயும் கொடுங்க, கையும் கொடுங்க, எதில சொன்னாலும் அதுக்கு முதல்ல விஷயம் போய்ச் சேரட்டும் என்கிறேன், என்னென்னவோ சொல்ல நினைத்திருந்தேன், பாக்கியத்தைச் சொல்ல நினைத்திருந்தேன், சொல்லாமலே இறங்கிவிட்டேன். கைதட்டல் அங்கொன்று இங்கொன்றாக வந்தது. முன்வரிசையில் பச்சைச் சேலைப் பெண் தட்டவில்லை, ஒரு கையில் குழந்தை, மறு கையில் நான் ஜெராக்ஸ் எடுத்த தாள், தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படியிறங்கிப் பின்பக்கம் கைகழுவும் குழாய்களிடம் வந்து முகத்தில் தண்ணீர் அடிக்கிறேன். பின்னாலேயே வாக்கர் தட்டுகிற சத்தம். திட்டட்டும், கேட்டுக்கொள்வேன். ரெஜினா மிஸ் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறார்கள். "அந்த நோட்டுல ஸ்டார் ஒட்டினது நான்தானே கலா" என்கிறார்கள். ஆமாம் மிஸ் என்கிறேன். "மூணு நாள் என் வீட்ல இருந்தா. ஜன்னல்கிட்டேயே நின்னா. ரோட்டைப் பாக்கறான்னு நினைச்சேன்." இந்த வயதில் இந்தப் பாரத்தை இவர்கள்மேல் ஏற்றிவிட்டோமே என்று எனக்கு அது வேறு வந்து சேர்கிறது, எதைச் சொன்னாலும் யாரோ ஒருவர் நோகிறார்கள், சொல்லாவிட்டாலும். "ஆனா கையைக் கொடுத்தா வாய் வராது. நான் இன்னும் அப்படித்தான் நம்பறேன், உனக்காகப் பொய் சொல்ல மாட்டேன்" என்கிறார்கள். "சரி மிஸ்." "திங்கக்கிழமை வா. உக்காந்து பேசுவோம். அவளையும் கூட்டிட்டு வா." திரும்பி நடக்கிறார்கள். வினுவும் அருளும் வருகிறார்கள், அருளின் முகம் சிரிக்கவில்லை, என் முன் நின்று கையால் வேகமாகச் சொல்கிறான், எனக்கு இது புரிகிறது, நல்லா செஞ்சீங்க, ஆனா அவங்களை ஏன் புகழ்ந்தீங்க, வாயால பேசறதை ஏன் விடலை. வினு அவனுக்குப் பதில் சொல்ல ஆரம்பிக்க, நான் அவள் கையைத் தடுத்து, எனக்குத் தெரிந்த கையில், ரெண்டும் நடந்தது, என்றேன். அவன் உதட்டைப் பிதுக்கிவிட்டு வாசல் பக்கம் போகிறான்.

வினு குழாயை மூடுகிறாள், நான் மூடாமல் விட்டிருக்கிறேன். என் முகத்தைத் திருப்பி, வெளிச்சத்துக்கு நேராக வைத்து, கேட்கிறாள், வாயாலும் கையாலும், மெதுவாக, எனக்குத் தப்பாமல் புரிய வேண்டும் என்பதுபோல. "அப்பா என்கிட்ட எப்படிப் பேசுவார்?" அதை மேடையில் நான் சொல்லவில்லை. எழுதிய தாளிலும் இல்லை, சுழித்த பத்தியிலும் இல்லை. யாரிடமும் சொன்னதில்லை, தெரியாது, ஞாபகம் இல்லை என்றுவிட்டால் தீர்ந்தது, இருபது வருஷம் ஆயிற்று, யார் கேட்கப் போகிறார்கள். "கையாலதான்" என்கிறேன். அவர் ஸ்கூலுக்கு வந்ததில்லை, அவருக்குச் சட்டமெல்லாம் தெரியாது, பட்டறைச் சத்தத்தில் வேலை பார்க்கிறவர்கள் கையால்தான் பேசிக்கொள்வார்கள், அதையே வீட்டுக்கும் கொண்டுவந்தார், வந்ததும் இரண்டு பேரும் பேசுவீங்க, நீ சிரிப்பே, நான் சண்டை போட்டேன், நான் நாள் பூரா கஷ்டப்பட்டுக் கட்டறதை நீங்க ஒரு மணி நேரத்துல கெடுக்கறீங்கன்னு கத்தினேன். சரி விடு, பிள்ளைக்கு நல்லதுன்னா சரி என்றார். கடைசி ஒரு மாசம் உன் முன்னால் வரும்போதெல்லாம் கையை ரெண்டு பாக்கெட்டுக்குள்ளேயும் விட்டுக்கிட்டுதான் வருவார். மறந்து போயி எடுத்துடுவேனோன்னு. நீ பாக்கெட்டைப் பிடிச்சு இழுப்பே. பாதி வாயால் சொன்னேன், பாதி கையால் சொன்னேன், கை தெரியாத இடத்தில் என் இரண்டு கையையும் சேலைக்குள் மறைத்துக் காட்டினேன். வினு திரும்பிக்கொண்டாள். சுவர் வரைக்கும் போனாள், சுவரைப் பார்த்து நின்றாள், முதுகு மட்டும் தெரிந்தது, கூப்பிட்டால் கேட்காது. உள்ளே நன்றியுரை நடக்கிறது, யார் யாருக்கோ நன்றி. திரும்பி வந்து என் எதிரில் நிற்கிறாள், கண் சிவந்திருக்கிறது. "என்னைக் கூப்பிடறதுக்கு என்ன கை?" என்கிறாள். அவளுக்கு இடது கண்ணுக்குக் கீழே ஒரு மச்சம். அவர் வாசலில் வண்டியை நிறுத்தியதும், ஆள்காட்டி விரலால் தன் கண்ணுக்குக் கீழே, மச்சமே இல்லாத இடத்தில், இரண்டு தட்டுத் தட்டிவிட்டு விரலை அவளை நோக்கி நீட்டுவார். என் விரல் ஈரமாக இருக்கிறது. தட்டிக் காட்டுகிறேன்.

"இன்னொரு தடவை" என்கிறாள், வாயால்.

செய்கிறேன்.